தமிழில் பதில் வாங்குவது எப்படி? ஒரு பழைய மொழிபெயர்ப்பாளரின் குறிப்புகள்

பழனியம்மா அக்கா அந்தக் கடிதத்தைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்தபோது அது எட்டாக மடிந்திருந்தது; மடிப்பெல்லாம் வெற்றிலைக் கறை. "தம்பி, இதுல என்னமோ போட்டிருக்கு, பாருங்க" என்றார். கடிதத்தின் தலைப்பு மூன்று மொழியில் இருந்தது. ‘எனது இல.’, ‘உமது இல.’, ‘திகதி’ என்று எல்லாம் முறையாக அச்சாகியிருந்தன. அதற்குக் கீழே உடம்பு முழுக்கச் சிங்களம். முதியோர் கொடுப்பனவு சம்பந்தமாக மூலப் பத்திரங்களோடு இன்ன திகதிக்கு முன் வரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தத் திகதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

(பழனியம்மா அவருடைய உண்மைப் பெயர் இல்லை. ஆனால் உண்மைப் பெயரிலும் ஒரு ழகரம் உண்டு. அந்த ழகரத்துக்குக் கடைசியில் வருகிறேன்.)

நான் இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட கடிதங்கள் வெளியே போவதைக் கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்த்தவன். இப்போது அவை என் வீட்டுத் திண்ணைக்கே திரும்பி வருகின்றன. வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1956இல் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் வந்து, 18ஆம் உறுப்புரையில் தமிழும் ஓர் அரச கரும மொழி என்று சேர்த்தது. அந்த ‘உம்’மை வைத்து என் நண்பர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், பிற்பாடு ஒட்டவைத்த விகுதி என்று. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வம் குறைவு. நமக்கு வேலைக்கு ஆவது 22ஆம் உறுப்புரை; 1988இல் பதினாறாம் திருத்தம் தந்த வடிவம். வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ், மற்ற ஏழு மாகாணங்களில் சிங்களம். சரி, அப்போது மத்திய மாகாணத்தில் இருக்கும் பழனியம்மா அக்கா என்ன செய்வது? அதே உறுப்புரையின் இரண்டாம் பந்தி பதில் சொல்கிறது: சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும், அதிகாரி அல்லாத எவரும் அரச அதிகாரியோடு தமிழில் அல்லது ஆங்கிலத்தில் எழுதலாம், பேசலாம், அதே மொழியில் பதில் பெறலாம். தமக்கு வழங்கப்படும் ஆவணத்தைத் தமிழில், அல்லது தமிழ் மொழிபெயர்ப்போடு, பெறலாம். வடக்கு கிழக்கில் வாழும் சிங்களவருக்கும் இதே உரிமை மூன்றாம் பந்தியில் இருக்கிறது. இதைக் கவுண்டரில் சொல்லிப் பாருங்கள். "உங்களுக்கு மட்டும் ஏன்?" என்ற கேள்வி பாதியிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று. தமிழ் பேசுகிறவர்கள் கணிசமாக உள்ள பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாக ஜனாதிபதி வர்த்தமானியில் பிரகடனம் செய்யலாம். நுவரெலியா மாவட்டத்தில் அப்படிப்பட்ட பிரிவுகள் உண்டு. உங்கள் பிரிவு அதில் இருந்தால் இரண்டு மொழியிலும் நிர்வாகம் நடத்துவது அந்த அலுவலகத்தின் கடமை. நீங்கள் கேட்டுத்தான் கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது? கடிதத்தில்தான். கவுண்டரில் நின்று வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். வாயால் சொன்ன ‘இல்லை’க்கு இலக்கமும் கிடையாது, திகதியும் கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு வேறெங்கும் போக முடியாது. உள்ளே இருந்தபோது நான் கண்டது இதுதான்: கோபமாகக் கத்திவிட்டுப் போனவரை மத்தியானத்துக்குள் மறந்துவிடுவோம். ஒரு தாளைக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு போனவரை மறக்க முடியாது. கோப்பு நம்மை முறைத்துக்கொண்டே இருக்கும்.

பழனியம்மா அக்காவுக்காக எழுதிய கடிதம் கிட்டத்தட்ட இப்படி:

"தங்களது … இலக்கமும் … திகதியும் கொண்ட கடிதம் எனக்குச் சிங்கள மொழியில் மட்டும் கிடைத்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைக்கு அமைய அக்கடிதத்தைத் தமிழில் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். கடிதத்தில் குறிப்பிட்ட திகதி கடந்துவிட்டதை இன்றே அறிந்தேன். தமிழ்க் கடிதம் கிடைத்த பின் பத்திரங்களைச் சமர்ப்பிக்க எனக்குப் புதிய திகதி ஒன்று தருமாறும் வேண்டுகிறேன். இக்கடிதம் கிடைத்ததை எழுத்தில் அறியத்தரவும்."

அவ்வளவுதான், அரைப் பக்கம். 1956ஐ இதில் கொண்டுவர வேண்டாம். பாட்டனார் காலத்திலிருந்து தேயிலைக்கு உழைத்த கதையும் வேண்டாம். எனக்கும் எழுதக் கை துடிக்கும். ஆனால் வரலாறு சேர்ந்த கடிதத்தை ‘அரசியல்’ என்று ஓர் ஓரமாக வைப்பது சுலபம். இலக்கமும் திகதியும் உறுப்புரையும் மட்டும் உள்ள கடிதத்தை எங்கே வைப்பது? அதற்குப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டு பிரதி எடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் ஒப்பமும் வாங்குங்கள். முத்திரை குத்த மறுத்தால் சண்டை வேண்டாம், நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போடுங்கள். அந்தச் சின்னப் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் பின்னால் குண்டூசியால் குத்தி வையுங்கள். பசை வேண்டாம், மழைக்காலத்தில் எழுத்து அழிந்துவிடும். யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன், இனி கடிதம் எதுக்கு?" என்றால், "நன்றி சேர், அதையே எழுத்திலும் அனுப்பிவிடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

அதிகாரிகளைப் பற்றியும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். என் மேசையில் மொழிபெயர்க்க வேண்டிய கடிதங்கள் முழங்கை உயரத்துக்குக் கிடந்த நாட்கள் உண்டு. மொழிபெயர்ப்பாளன் நான் ஒருவன். தமிழில் பதில் எழுத வேண்டும் என்று மனதார நினைத்த சிங்கள அதிகாரிகளே என்னிடம் வரிசையில் நின்றார்கள். 2007 யூலை முதலாம் திகதிக்குப் பின் சேர்ந்த அரச ஊழியர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 07/2007 சுற்றறிக்கை வந்தது. அதன்படி தமிழ் படித்த இளம் அலுவலர் ஒருவர் வயதானவர்களை "வாங்க அம்மா, இருங்க" என்று கூப்பிடுவார். அந்த மூன்று சொல்லுக்கே பாதி வரிசை அமைதியாகிவிடும். ஆனால் அவருக்கும் தமிழில் எழுத வராது. பேச்சுத் தேர்ச்சி வேறு, கடிதம் எழுதும் தேர்ச்சி வேறு. ஆகவே எல்லாத் தாமதத்தையும் இனவாதம் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதீர்கள். எது ஆள் பற்றாக்குறை, எது மனப் பற்றாக்குறை என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

அதுதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. என்ன கேட்பது என்பதில்தான் சூட்சுமம். "ஏன் தமிழில் கடிதம் அனுப்பவில்லை?" என்று கேட்டால் அது தகவல் இல்லை, விவாதம்; ஒரு வரியில் தட்டிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இந்த அலுவலகத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் ஆளணி எத்தனை? இன்று நிரப்பப்பட்டிருப்பது எத்தனை? வெற்றிடம் எந்தத் திகதியிலிருந்து? அதை நிரப்பும்படி மேலிடத்துக்கு அனுப்பிய கடிதங்களின் பிரதிகளைத் தாருங்கள். கடைசிக் கேள்விதான் உயிர். கடிதம் அனுப்பியிருந்தால் அதிகாரி உங்கள் பக்கம், தவறு மேலே. அனுப்பவே இல்லை என்றால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்த நாட்களை நான் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பேன். சட்டம் தெரியாமல் தோற்றவர்களைவிட நாள் தவறித் தோற்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். இந்தச் சட்டத்தின் கீழ் கேட்கும் உரிமை பிரஜைகளுக்கு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையக மக்களில் மிச்சம் இருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான் அது முழுதாகத் திரும்பியது. விண்ணப்பத்தில் ‘இலங்கைப் பிரஜை’ என்ற இடத்தை நிரப்பும்போது பழனியம்மா அக்கா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதலாமா தம்பி?" என்று கேட்டார்.

தமிழில் பதில் தர முடியாது என்று எழுத்தில் வந்தாலோ, பதிலே வராமல் போனாலோ அடுத்த கதவு அரச கரும மொழிகள் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. முறைப்பாட்டை எடுத்து விசாரித்துப் பரிந்துரை செய்யும். வேகமான இடம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆணைக்குழுவிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தால் அலுவலகத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும். அதை நானே கேட்டிருக்கிறேன். மொழியின் பேரால் பாரபட்சம் காட்டப்பட்டது என்றால் அது 12(2) உறுப்புரை, அடிப்படை உரிமை. அதற்கு உயர் நீதிமன்றத்தில் மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் வரை போகிற எண்ணம் இருந்தால் இந்தக் கட்டத்தில் சட்டத்தரணியைப் பாருங்கள். என் திண்ணை போதாது.

யாருக்கு எழுதுவது என்பதிலும் பலர் வழுக்குகிறார்கள். பதின்மூன்றாம் திருத்தம் அதிகாரங்களை மூன்று நிரலாகப் பிரித்தது: மாகாணத்துக்கு உரியது, மத்திக்கு ஒதுக்கியது, இரண்டுக்கும் பொதுவானது. அதனால் ஒரே வீதியில் இருக்கும் இரண்டு பாடசாலைகளில் தேசிய பாடசாலை என்றால் மத்திய கல்வி அமைச்சு, மாகாணப் பாடசாலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களம். வைத்தியசாலையும் அப்படியே. பெயர்ப்பலகையின் அடியில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மாகாண சபை உறுப்பினரிடம் சொல்லலாம் என்று நினைத்தால், ஊவாவில் 2014 செப்டெம்பரில் நடந்ததுதான் நாட்டில் நடந்த கடைசி மாகாண சபைத் தேர்தல். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்தது. அதன் பிறகு கையெழுத்துப் போடுகிறவர் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர். அதிகாரம் பகிரப்பட்டிருக்கிறது, பகிர்ந்ததை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எனவே மாகாண விஷயம் என்றால் பிரதம செயலாளருக்கும், பிரதியை ஆளுநருக்கும் போடுங்கள்.

இவ்வளவு தாள் எதற்கு என்று சலிப்பவர்களுக்குக் கோடீஸ்வரன் என்ற ஒருவரைச் சொல்வேன். அரச லிகிதர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு உட்கார மறுத்தார். 1962இல் அவருடைய வருடாந்தச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம், 1956இன் தனிச்சிங்களச் சட்டம், பாரபட்சமான சட்டங்களைத் தடுத்த அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்றே தீர்ப்புச் சொன்னது. 1967இல் உயர் நீதிமன்றம் மொழிக் கேள்விக்குள் போகாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போட முடியாது என்று திருப்பியது. 1969இல், அன்று நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம், போட முடியும் என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிக் கேள்விக்கு விடை வருமுன் 1972இல் அரசியலமைப்பே மாறிவிட்டது. தோற்ற வழக்கு என்று சிலர் சொல்வார்கள். ஒரு லிகிதரின் நிறுத்தப்பட்ட சம்பள உயர்வு, எழுத்தில் இருந்ததால், பத்து வருடம் அரசைத் தூங்கவிடவில்லை. எனக்கு அது போதும்.

இனிப் பொலிஸ். இங்கே மட்டும் என் குரல் மாறும். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பம் வைக்காதீர்கள். தமிழில் எழுதும்படி கேளுங்கள், தமிழ் தெரிந்த அலுவலர் வரும்வரை காத்திருக்கத் தயார் என்று சொல்லுங்கள். தவிர்க்கவே முடியாத நிலை என்றால் ஒப்பத்துக்கு மேலே உங்கள் கையால், தமிழில், "இது எனக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்டது" என்று எழுதிவிட்டு வையுங்கள். சிங்கராசா வழக்கை நினைத்துப் பாருங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிபட்டவர். அவரால் வாசிக்க முடியாத சிங்களத்தில் தட்டச்சான ஒப்புதல் வாக்குமூலம், அடியில் அவருடைய கைநாட்டு. 1995இல் 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டது.

கவிதை, துண்டுப் பிரசுரம், நினைவுக் கூட்டம் என்று வெளியே தமிழில் பேசுகிறவர்களுக்கும் மொழிபெயர்ப்பாளனாக ஒரு வார்த்தை. அரசியலமைப்பின் 14(1)(அ) பேச்சுச் சுதந்திரம் தருகிறது, சொந்த மொழியையும் பண்பாட்டையும் பேணும் உரிமையும் அதே உறுப்புரையில் தனியாக உண்டு. 15ஆம் உறுப்புரை தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, இன நல்லிணக்கம் என்று வேலியும் போடுகிறது. வேலி எங்கே என்று தீர்மானிக்கிறவர் பெரும்பாலும் உங்கள் தமிழை வாசிப்பதில்லை, அதன் மொழிபெயர்ப்பை வாசிக்கிறார். இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானார். அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பு தீவிரவாதம் பேசுகிறது என்பது குற்றச்சாட்டு. தமிழில் வாசித்தவர்கள் பலர், அந்தக் கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை என்றார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை. 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது. உவமையை நேர்ப்பொருளில் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் நானே செய்திருக்கிறேன், நல்ல வேளை அது தேயிலைக் கண்காட்சிக்கான வரவேற்புரை. ஆகவே சர்ச்சையாகக்கூடிய எதையும் வெளியிடுமுன், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து உங்கள் சொந்தச் சிங்கள மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருங்கள். அடுத்தவர் உங்களை மொழிபெயர்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். இப்படி ஒரு முன்னேற்பாடு செய்ய வேண்டியிருப்பதே அநியாயம்தான். செய்யுங்கள்.

பழனியம்மா அக்காவுக்கு ஏழாவது வாரம் பதில் வந்தது. தமிழில். புதிய திகதியும் கொடுத்திருந்தார்கள். கணினியில் அடித்த சுத்தமான எழுத்து. ஆனால் ‘திருமதி பலனியம்மா’ என்று தொடங்கியது. சிங்களத்தில் ழகரம் கிடையாது. தமிழ்ப் பெயர் சிங்களக் கோப்புக்குள் போய்த் திரும்பி வரும்போது ழ, ல ஆகிவிடும். சிரித்துவிட்டு விடக் கூடாத இடம் இது. அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, ஊழியர் சேமலாப நிதியில் இன்னொன்று என்று ஆனால், ஒரே ஆளை மூன்று ஆளாக்கிக் காசை நிறுத்திவிடுவார்கள். தமிழ்க் கடிதம் வந்ததும் முதலில் பெயரை எழுத்தெழுத்தாகச் சரி பாருங்கள். பிழை இருந்தால் அடையாள அட்டைப் பிரதியோடு அன்றைக்கே திருத்தம் கேட்டு எழுதுங்கள்.

"விடுங்க தம்பி, ல-ன்னா என்ன" என்றார் அக்கா. நான் இன்னொரு தாளை எடுத்து, வந்த கடிதத்தின் ‘எனது இல.’வைப் பார்த்து ‘உமது இல.’ என்ற இடத்தில் எழுதினேன்.